சௌனா அடுப்பில் எரிந்த காகிதம்

இல்லை, இனிப்புத் தின்று வந்த நோய் இல்லை அது. நீங்கள் கேட்கவில்லைதான். வாய் திறந்து கேட்காதவர்களும் மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்; இருபத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். பலசரக்குக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது என் கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "பாவம் கைசு. சின்ன வயசுல மிட்டாய் நிறைய வாங்கிக் குடுத்தீங்களோ?" என்பார்கள். மிட்டாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவளுடைய உடம்பே இன்சுலின் சுரக்கும் இடத்தைத் தின்றுவிட்டது. ஏன் என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. எங்கள் பின்லாந்தில் இது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவள் வகுப்பிலேயே இன்னொரு பையனுக்கும் இருந்தது.

கைசு என் மகள். அவளுக்கு ஏழு வயசு நடந்த கோடையில், எங்கள் நீராவிக் குளியல் கொட்டகையான சௌனாவில் கொதிக்கும் கற்கள் மேல் ஊற்ற வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு மொண்டு குடித்தாள். நாங்கள் சிரித்தோம். மறு வாரம் ஏரியிலேயே குப்புறப் படுத்து மாடு மாதிரிக் குடித்தாள். அப்போது சிரிக்கவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் ஊசி. இப்போது இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதுவே இன்சுலினைச் செலுத்தும். கையில் வில்லை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது, அது சர்க்கரை அளவைப் போனுக்குச் சொல்லும். போன் கீச்சென்று கத்தினால் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம்.

சும்மா உட்காரத் தெரியாத பெண். பத்தொன்பது வயசில் புகைபோக்கி துப்புரவு செய்யும் வேலைக்குப் போகிறேன் என்றாள். எங்கள் மாவட்டத்தில் விறகு அடுப்பு இல்லாத வீடு ஏது? வருஷத்துக்கு ஒருமுறை கூரையேறிப் புகைக்கரியைச் சுரண்டாவிட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடித்துக்கொள்ளும். அவளை வேலைக்கு எடுக்க வேண்டிய மேஸ்திரி தொப்பை பெருத்த மனுஷன். தலையை ஆட்டினார்.

"சர்க்கரை இறங்கிக் கூரையிலேருந்து விழுந்துட்டேன்னா யார் பதில் சொல்றது?"

"அண்ணே, உங்க வயித்தோட நீங்களே ஏறி இறங்கறீங்க. எனக்கென்ன?"

வேலை கிடைத்துவிட்டது. சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளப் பை நிறைய உலர் திராட்சை, தோளில் கம்பித் துடைப்பம், முகமெல்லாம் கரி. பதினேழு வருஷமாக இந்த ஏரிக்கரையில் அவள் கால் படாத கூரை இல்லை. ஒரே ஒருமுறைதான் சறுக்கப் பார்த்தாள். அது ஆகஸ்ட் மாசம், காட்டில் நீலக்காய், அதுதான் இனிப்பான புளூபெர்ரி, பறித்துவிட்டு வந்திருந்தாள். அப்போதெல்லாம் விரலைக் குத்தித்தான் பார்க்க வேண்டும். விரலில் காய்ச் சாறு ஒட்டியிருந்ததை மறந்துவிட்டாள். கருவி, சர்க்கரை தாறுமாறாக ஏறிவிட்டது என்று காட்டியது. அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டு கூரையேறியவள், பாதி ஏணியிலேயே கண் இருட்டி, ஏணியைக் கட்டிப்பிடித்து நின்றாள். நல்லவேளை, கீழே வீட்டுக்காரர் இருந்தார். கைகழுவாமல் பார்த்த எண்ணை நம்பக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

முப்பது வயசில், சிறுநீரில் கொஞ்சம் புரதம் ஒழுகுகிறது என்றார்கள். கிட்னியில் வடிகட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் களைத்துப்போனால் அப்படித்தான் ஆகுமாம். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார்கள், குழாய்களின் பாரத்தைக் குறைக்கும் என்று. ஒழுக்கு அந்த அளவிலேயே நின்றது. அவள் புருஷன் லௌரி பால் லாரி ஓட்டுகிறான். ஒரு வார்த்தை சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை. அவர்கள் இரண்டு பேருக்கும் குழந்தை ஆசை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்த வேண்டும் என்றார். பிரசவத்துக்குப் பிறகு கிட்னி பழைய நிலைக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

"திரும்பும்னு எடுத்துக்கறேன்" என்றாள் கைசு.

கடைசி மாசத்தில் இரத்தக் கொதிப்பு ஏறியது, யூரிக் ஆசிட் ஏறியது, கால் வீங்கியது. நவம்பர் முதல் வாரம், மூன்று வாரம் முன்கூட்டியே கிழித்து எடுத்தார்கள். பேத்தி! அவசரப் பிரசவம் என்றதும் கைக்குள் அடங்குகிற குஞ்சாக இருக்கும் என்று நினைத்து, பார்ப்பதற்கு முன்பே 'முய்க்கு' என்று பெயர் வைத்துவிட்டேன். எங்கள் ஏரியில் கிடைக்கும் விரல் நீள வெள்ளிமீன் அது. நர்ஸ் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்: "உங்க முய்க்கு நாலு கிலோ முந்நூறு, பெரியவரே. வலை கிழிஞ்சிருக்கும்." சர்க்கரைக்காரத் தாய்மாருக்குப் பிள்ளை பெரிசாகத்தான் பிறக்குமாம். முய்க்கு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நிஜப் பெயரைப் பெயர்சூட்டு நாள் வரைக்கும் பெற்றவர்கள் வெளியே விடமாட்டார்கள். அது அடுத்த ஞாயிறு. நான் எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை கைசுவுக்குப் பெரிய பரிசோதனை: ராத்திரி முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு ஜாடியில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், இரத்தமும் கொடுக்க வேண்டும். கிட்னி திரும்பி வந்ததா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். புதனும் சனியும் எங்களுக்குச் சௌனா நாள். அதுவும் முய்க்குவுக்கு முதல் சௌனா. நான் மூன்று நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சமையலும் நான்தான். ஈரலும் அரிசியும் உலர் திராட்சையும் போட்டுச் சுட்ட பலகாரம், உப்பில் ஊறிய முய்க்கு மீன், கம்பு ரொட்டி. கைசுவுக்கு ஒன்று, எனக்கு மூன்று என்று பீர். சமையலறை மேசையில் கிடந்த பழைய பேப்பர்களை அள்ளிக்கொண்டு போய், பிர்ச் மரப்பட்டையோடு சேர்த்து அடுப்பு மூட்டினேன்.

பேத்தியைக் கீழ்ப்படியில், வெதுவெதுப்பில், ஐந்து நிமிஷம் மடியில் வைத்திருந்தோம். கண்ணை அகல விழித்து என்னையே பார்த்தாள். அந்த முகத்தை என்னத்தைச் சொல்ல! லௌரி அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

"நாளைக்கு டெஸ்ட் இருக்கே அப்பா. ஏதோ விதிமுறைக் காகிதம் அனுப்பியிருந்தாங்க. எங்க வெச்சேன்னு தெரியல" என்றாள் கைசு.

"சுத்தமா குளிச்சிட்டுப் போறதுக்கு விதிமுறை என்னம்மா? சூடான சௌனாவ ஆற விடுவாங்களா யாராவது?"

ஆற விடமாட்டார்கள். ஆயிரம் வேலை இருந்தாலும் மூட்டிய சௌனாவை வீணாக்குவது எங்கள் பக்கம் பாவத்தில் சேர்த்தி. மூன்று சுற்று மேல்படியில் ஏறி உட்கார்ந்தோம். கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி காதைப் பிடித்து இழுத்தது. நடுவில் பனியில் போய் நின்றோம். கர்ப்பத்தில் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டவள் மாதிரி அவள் வியர்த்தாள். அந்த ஒரு பீரைத் தவிர வேறு எதுவும் குடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. மூன்று எண்ணும் கெட்டுப்போயிருந்தன. சிறுநீரில் புரதம் கர்ப்பத்துக்கு முன்னால் இருந்ததைப் போல நாலு மடங்கு. கிட்னி சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் எண் ஏறியிருந்தது. யூரிக் ஆசிட் அதற்கும் மேலே. கிட்னி டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார். அதுவரைக்கும் கூரைப் பக்கம் போகாதே என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை காலை, கூரையேறாதே என்று சொன்ன மறுநாளே, ஏணியைச் சாத்தி எங்கள் சௌனாக் கூரையில் ஏறிக் குழாயைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். போன வாரம்தான் சுரண்டியது. கீழே முய்க்கு வண்டிக்குள் தூங்கினாள். குழந்தைகள் பனிக்காற்றில்தான் நன்றாகத் தூங்கும். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு விறகுக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் மேலே பார்க்க வேண்டியிருக்கும்.

"இறங்கும்மா, சறுக்கும்."

"லௌரியோட அத்தைக்கு டயாலிசிஸ் எத்தன வயசுல ஆரம்பிச்சாங்க?"

"அது வேற கதை. இறங்கு."

"முய்க்கு பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு நாப்பத்திமூணு. அதுவரைக்கும் தாங்குமா அப்பா?"

எனக்கு என்ன தெரியும்? நான் ஏழாம் வகுப்போடு மரம் வெட்டப் போனவன். ஆனால் யூரிக் ஆசிட் தெரியும். எனக்குக் கால் கட்டைவிரலில் வந்து உட்காருமே, அதே சமாசாரம். அலமாரியில் அதற்கான மாத்திரை டப்பா இருந்தது. எடுத்துக்கொண்டு போய், அவள் இறங்கியதும் நீட்டினேன்.

"இதப் போட்டா ஒரே மாசத்துல எண் இறங்கிடும். எனக்கு இறங்குச்சு. ரெண்டு போட்டுக்கோ, யாருக்கும் சொல்லாத."

கரி படிந்த முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, குழாய்ல விரிசல் விட்டு வீட்டுக்குள்ள புகை வருதுன்னா என்ன செய்வீங்க? ஜன்னலைத் திறந்து புகையை விரட்டிட்டு, சரியாயிடுச்சும்பீங்களா?"

"புகை குறையும்ல?"

"விரிசல் குறையுமா?"

டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை லௌரி வந்து என் பக்கத்தில் விறகு பிளந்தான். ஒரு மணி நேரம் கழித்து, "மாமா, அவ சாப்பிடல" என்றான். அன்று பிளந்த விறகு மார்ச் வரைக்கும் வரும்.

திங்கட்கிழமை விடிந்ததும் என் கட்டைவிரல் சிவந்து வீங்கிக் காலுறையைத் தொட விடவில்லை. சுகாதார நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸ் பிர்க்கோ. கைசுவுக்கு ஏழு வயசில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவள், ஓய்வு பெற ஆறு மாசம்தான் இருக்கிறது. விரலைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன பெரியவரே, விருந்தா?"

"புதன்கிழமை பேத்திக்கு முதல் சௌனா." எனக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஈரல் பலகாரம், உப்பு மீன், பீர், மூன்று சுற்று ஆவி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பேத்தி என்னையே பார்த்ததையும் சொன்னேன்.

பிர்க்கோவின் பேனா நின்றது.

"கைசுவும் இருந்தாளா?"

"பின்ன? அவளுக்காகத்தானே சமைச்சது."

"அன்னைக்கு ராத்திரிதான் ஜாடில பிடிச்சா?"

"ஆமா. சுத்தமா போகட்டும்னுதான்..."

"ஐயோ மனுஷா! சௌனா கூடாது, கடுமையான வேலை கூடாது, தண்ணி வழக்கம் போலக் குடிக்கணும். கொட்டை எழுத்துல அடிச்சு நான்தானே அனுப்பினேன்! உடம்புத் தண்ணியெல்லாம் வியர்வையாப் போனா இரத்தம் குழம்பு மாதிரி சுண்டிப் போகும். அதுல எத அளந்தாலும் ஏறித்தான் தெரியும். அந்தச் சூட்டுல புரதமும் ஒழுகும். ஈரல், மீன், பீர், அதுக்கு யூரிக் ஆசிட் எகிறும், உங்க விரலே சாட்சி. காகிதம் எங்க?"

காகிதம் எங்கே என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிர்ச் பட்டையோடு நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் கைசுவுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டேன். பிர்க்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்படி நான் சொல்லல. இந்த டெஸ்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறேன். நிஜமாவே கெட்டிருக்கவும் கூடும். மறுபடி எடுக்கணும். அப்புறம், உங்க மாத்திரைய அவளுக்குக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"முகத்தப் பாத்தா குடுத்த மாதிரி இருக்கு."

"நீட்டினேன். வாங்கல."

"புத்திசாலி. அவள மாதிரி இருக்கிறவங்களுக்கு அந்த மாத்திரைய வருஷக்கணக்கா குடுத்துப் பாத்தாங்க. யூரிக் ஆசிட் இறங்குச்சு, கிட்னி அது பாட்டுக்குப் போய்ட்டிருந்துச்சு. அது எச்சரிக்கை மணி பெரியவரே. மணிய உடைச்சா ஆச்சா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்வதற்கு முன்னால் முய்க்குவை மடியில் வாங்கிக்கொண்டேன். குழந்தை மடியில் இருந்தால் அடிக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு. கைசு முதலில் சிரித்தாள். அப்புறம் மேசையில் ஓங்கி ஒரு அறை.

"மூணு நாளா எனக்கு நானே சாவுத் தேதி குறிச்சிட்டிருக்கேன்! நீங்க அத அடுப்புல வெச்சுக் கொளுத்தினீங்களா?"

"விளம்பரக் காகிதம்னு நெனச்சேன்."

"விளம்பரத்துல என் பேர் எதுக்குப் போடுவான்?"

லௌரி ரொட்டியை மென்று முடித்துவிட்டு, "நீலக்காய்" என்றான். அவள் அவனை முறைத்தாள். பிறகு தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆனால் அதற்கப்புறம் வந்த பத்து நாள்தான் மோசம். கெட்டது என்று நினைத்திருந்தபோது ஒரு வழியாகத் தலையைக் குனிந்துவிட்டோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றதும் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் செவ்வாயன்று இரத்தக் கொதிப்பை அளந்தார், கணுக்காலை அழுத்திப் பார்த்தார், மறுபரிசோதனைக்கு நாள் போட்டார். கூரையேற்றம் அதுவரைக்கும் கிடையாது. கைசு அலமாரிகளைக் கழற்றி மாட்டினாள். என் வலைகளை, நான் முடிந்திருந்த முடிச்சையெல்லாம் அவிழ்த்து, மறுபடி முடிந்தாள். கையில் போன் கீச்சென்றால் மூன்று பேரும் எழுந்து நின்றோம். முய்க்குவும் கையைக் காலை உதறினாள்.

இந்தத் தடவை காகிதத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். இந்தப் புதன்கிழமை எங்கள் சௌனாப் புகைபோக்கியில் புகை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான். சௌனா நாளில் புகை வராத வீட்டை வேறு என்ன நினைப்பான்? வியாழன் காலை லௌரி அவளையும் ஜாடியையும் காரில் ஏற்றிப் போனான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கொட்டகை, கிணறு. கிணறு, கொட்டகை. முய்க்கு மூன்று மணி நேரம் தூங்கினாள். பனியில் வண்டிச் சக்கரம் இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தது.

நேற்று மத்தியானம் பிர்க்கோ போன் செய்தாள். கைசு போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"வடிகட்டற எண்ணு பழைய இடத்துக்கே வந்துடுச்சு. யூரிக் ஆசிட் மேல் வரம்புக்கு ஒட்டி நிக்குது, இப்போதைக்கு மருந்து வேண்டாம்."

"புரதம்?" என்றாள் கைசு.

"போயிடலம்மா. கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்ததைவிட ஒரு சொட்டு அதிகம். நாலு மடங்கு இல்ல. பழைய மாத்திரையவே மறுபடி ஆரம்பிக்கிறாங்க, பால் குடுக்கறதுக்குத் தோதான வகை. மூணு மாசத்துல திரும்பப் பாக்கணும். அப்புறமும் பாக்கணும். எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"கூரை?"

"திங்கள்லேருந்து ஏறலாம். பெரியவர் இருக்காரா பக்கத்துல?"

"இருக்கேன்" என்றேன்.

"காகிதத்த எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"ஆணியடிச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகு கைசு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். லௌரி அவள் பக்கத்தில் போய் நின்றான். நல்ல செய்தியா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பாதி நல்லது. மூன்று மாசத்துக்கு நல்லது. இருபத்தொன்பது வருஷமும் அப்படித்தானே, மூன்று மூன்று மாசமாக வந்து சேர்ந்தோம்.

இன்றைக்குச் சனிக்கிழமை, சௌனா நாள். காலையில் விறகுக் கொட்டகையில் ஒரு கட்டையைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக நின்றுகொண்டிருந்தேன். மூட்டலாமா வேண்டாமா என்று கேட்க வாய் வரவில்லை. கைசு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள்.

"என்ன அப்பா முழிக்கிறீங்க, மூட்டுங்க. ஆனா வாளித் தண்ணிய முதல்ல எனக்குக் குடுங்க. நான் குடிச்சு மிச்சம் இருந்தா கல்லுக்கு ஊத்திக்கலாம்."